டிரம்மில் வந்த வெள்ளைப் பொடி

12.8.2008, செவ்வாய்

உடம்புக்குள் கேன்சர் மருந்தைச் சுமந்து போய், பிறகு தானே கரைந்துவிடும் பாலிமர். நான்கு வருடமாக கும்மிடிப்பூண்டி லேபில் அதைத்தான் செய்கிறேன். அதற்கான அமினோ அமிலம் வெள்ளைப் பொடியாக டிரம்மில் வரும். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

இன்று டிரம் இறக்கிய லாரி டிரைவர் என் தலையைப் பார்த்தார்.

"திருத்தணி மொட்டையா மேடம்?"

"ஆமாண்ணா. அம்மாவுக்கு கேன்சர், அதான் வேண்டிக்கினேன்."

"கோயில் முடிய மூட்ட மூட்டையா நான்தான் ஏத்திக்கினு போறேன். அத்த ஆசிட்ல வேகவெச்சித்தான் இந்தப் பவுடரு எடுக்குறாங்கோ. தெரியாதா இன்னா?"

ரசீதை அப்படியே வைத்துவிட்டு டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன்.

முருகன் வாங்கிக்கொண்டான் என்றிருந்தேன். என் மேசைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். இன்னும் சீக்கிரம் செய் என்கிறானா? அம்மாவுக்கு அதுவரை நாள் இருக்குமா?