ரிஸ்வி சாச்சா கொண்டுவந்த தண்ணிப் போத்தல்

அன்புள்ள மகன் ஸப்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாட கிருபையால கலேவெலயில நானும் உம்மாவும் இருக்கோம், கத்தார் வெயில்ல நீயும் ஒடம்பப் பார்த்துக்கிட்டு இருக்கணும்னு துஆ கேக்குறோம். இங்க மழை பிந்திட்டு, நட்ட மொளகாக் கன்டு பாதி கருகிப்போச்சு. போன்ல சொன்னா நீ சரி வாப்பா சரி வாப்பான்னு வெச்சிர்ற, அதான் எழுதுறேன், என்ட எழுத்து கோழி கிண்டின மாதிரிதான், மெதுவா வாசி.

நம்ம பழைய கிணறு நெனவிருக்கா, நோன்பு தொறக்கிற நேரம் அந்தத் தண்ணியில சர்பத் கரைச்சா ஐஸே தேவையில்ல, நீயும் ஒன்ட தங்கச்சி அம்றாவும் கடைசிக் கோப்பைக்கு சண்ட புடிப்பீங்க, ஒருநாள் நீ வாளிய உள்ளுக்கு விட்டுட்டு கிணத்துக்கட்டுல குந்திக்கிட்டு அழுத, எடுக்க எறங்குன ஆள் வாளியோட ஒரு ஆமையையும் கொண்டாந்தான், சரி அந்தக் கத பொறகு. என்ட வாப்பா சீனி வருத்தத்தோட கிட்னியும் போய் மௌத்தானாங்க இல்லியா, இந்தப் பக்கம் கிட்னி போனாலே கிணத்துத் தண்ணியத்தானே குத்தம் சொல்லுவாங்க, நாங்களும் கல்லப் போட்டு கிணத்த மூடிட்டோம். என்ட தம்பி, ஒன்ட ரிஸ்வி சாச்சா, டவுன் தண்ணிக்காக உக்குவளைக்கே குடிபோயிட்டான். பெருநாளைக்கு வந்தாலும் போத்தல்ல தண்ணி கொண்டாருவான், நம்ம வீட்டு பிளேன்டீ குடிக்கமாட்டான். உக்குவளத் தொரைக்கு நம்ம தேத்தண்ணி தொண்டையில எறங்காதோன்னு உம்மா கேப்பா, டவுன் தண்ணி மதினி, நான் நூறு வயசு இருப்பேன்னு அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே பெருநாள் எப்ப வரும்னு இருப்போம்.

இப்ப அவனுக்கு கால் வீங்கி, மாத்தளைக்கு கிளினிக் கூட்டிப்போனேன். சீனியால கிட்னி ரெண்டும் பழுதாம். தண்ணிய மாத்தினோமே மிஸ்ன்னு நான் கேட்டேன். தண்ணியால வருதுன்னு சொல்ற வருத்தம் வேற, இது வேறன்னு அந்த டொக்டர் மிஸ் சொன்னாங்க. சீனி உள்ள எல்லாருக்கும் கிட்னி கெடாதாம், சில குடும்பத்துல அது ரத்தத்தோடயே எறங்குமாம், வாப்பாக்கு, தம்பிக்கு வந்திருந்தா மத்தவங்களுக்கும் பயம் கூடவாம். ஒங்களுக்கும் சீனி இருக்குத்தானே, நீங்களும் சலம் பாருங்கன்னாங்க. பார்த்தா எனக்கும் மூத்திரத்துல புரதம் போகுது மகன். நோவு ஒன்னும் இல்ல, இப்பவும் மூணு மைல் நடப்பேன், ஆனாலும் போகுது. மாத்திர தந்திருக்காங்க, பிரஷரும் சீனியும் அடக்கி வெச்சா நல்லா இழுத்துப் புடிக்கலாமாம், நீ பதறாத.

ஒனக்கு சீனின்னு போன வருஷம் சொன்னப்போ, இங்க போத்தல் தண்ணிதான் வாப்பா, எனக்கென்னன்னு நீ சொன்ன. நானும் அல்ஹம்துலில்லாஹ்ன்னு இருந்துட்டேன். ரிஸ்வியும் இப்பிடித்தானே பேசினான். உப்பக் கொறச்சுக்க, கண்ட நோவு மாத்திரையும் வாங்கிப் போடாத. அடுத்த லீவு நாளே போய் சலமும் ரத்தமும் பாரு, எங்க குடும்பத்துல கிட்னி இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லு. நல்லதோ கெட்டதோ எனக்கு மறைக்காத. நீ பொறந்தப்போ என்ட மூக்கு ஒனக்கு வந்துட்டுன்னு ஊரெல்லாம் காட்டித் திரிஞ்சேன், இதையும் தந்துட்டேனான்னு தெரியாம எனக்கு சோறு எறங்குதில்ல.

அல்லா ஒனக்கு ஆபியத்த, நல்ல சொகத்தத் தரட்டும். உம்மா சலாம் சொல்றா.

ஒன்ட வாப்பா
றஹீம்