வெளிமாநிலத்துப் பெண்

கார்லன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 8

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் என் தோழி ஜோலீன் வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது. அவள் அதைத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். மூன்று முறை படித்துவிட்டேன்.

அப்பா தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. பத்து மணிக்கு மேல் போன் சமையலறையில் இருக்க வேண்டும் என்பது இன்னும் மாறவில்லை. காலையில் அவர் அதை எடுத்துப் பார்ப்பதும் மாறவில்லை. அதனால்தான் காகிதம். நீ போன வருடம் எனக்கு அனுப்பிய பிறந்தநாள் அட்டையை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் அல்லவா, அதன் பிறகு இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எல்லோரும் கல்லூரிப் பேச்சுதான் பேசுகிறார்கள். அப்பா மட்டும், "நம்ம மாநிலத்துல இல்லாத காலேஜா? லிங்கன்ல படி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுச் சோளக்காட்டுக்குப் போய்விடுகிறார்.

எனக்கு உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். படிப்பு என்று சொன்னால் அப்பா ஒரு நாள் இல்லை ஒரு நாள் சரி என்பார். உன்னைப் பார்க்க என்று சொன்னால் மாட்டார். எனக்கு இடம் கிடைக்குமா? பொய் சொல்லாமல் சொல்.

அன்பு மகள்,
மார்னி


டர்ஹம், வட கரோலினா
செப்டம்பர் 19

என் கண்ணே மார்னி,

கிடைக்காமல் எங்கே போகும்! விசாரித்துவிட்டேன். விண்ணப்பிக்கிற ஐந்து பேரில் ஒருவருக்கு இடம் கொடுக்கிறார்களாம். உன் வகுப்பில் முதல் ஆள் நீ. அந்த ஒருவர் நீயாக இல்லாமல் வேறு யார்? நான் வேலை செய்கிற பேக்கரிக்கு வரும் கிளாடிஸின் பெண்ணுக்குப் போன வருடம் கிடைத்தது. "என் பொண்ணு புஸ்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்குவா, அவளுக்கே குடுத்துட்டாங்க லிடியா" என்று கிளாடிஸே சிரிக்கிறாள்.

தையல் எந்திரம் இருந்த சின்ன அறையைக் காலி செய்துவிட்டேன். ஜன்னலில் மக்னோலியா மரம் தெரியும். இடம் கிடைத்ததும் நீ விடுதிக்குப் போக வேண்டாம், என்னோடு இருக்கலாம். இடம் மட்டும் கிடைக்கட்டும்.

சரியாகச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் விழிக்காதே.

முத்தங்களுடன்,
அம்மா


கார்லன்
அக்டோபர் 2

அன்புள்ள அம்மா,

எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளியில் கல்லூரி ஆலோசனை சொல்லும் பிரூயிட் மிஸ்ஸிடம் போனேன். இடம் கிடைக்கும் வாய்ப்பைப் பொறுத்து என் கல்லூரிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: கனவு, பொருத்தம், நிச்சயம். உன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தை நான் பொருத்தத்தில் எழுதியிருந்தேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதை யாரும்மா இங்க எழுதச் சொன்னது?"

ஐந்தில் ஒருவர் என்று சொன்னேன்.

"அந்தக் கணக்குல அந்த மாநிலத்துப் பிள்ளைங்களும் சேர்ந்து இருக்காங்கடா. அவங்க அப்பா அம்மா வரியில நடக்குற காலேஜ் அது. முதல் பந்தி அவங்களுக்கு. வெளியில இருந்து வர்றவங்களுக்குக் கொஞ்சூண்டு இலைதான் போடுவாங்க. நம்ம மாதிரி வெளியாளுங்க கணக்கைத் தனியாப் பார்த்தா, பத்துல ஒண்ணுகூடத் தேறாது. அந்தப் பத்துப் பேரும் அவங்கவங்க பள்ளிக்கூடத்துல முதல் ஆளு."

பிறகு என் பல்கலைக்கழகத்தை எடுத்துக் கனவில் எழுதினார். "போடாதேன்னு சொல்லலை. நம்பி உக்காந்துடாதே. லிங்கனுக்கும் போடு" என்றார்.

கிளாடிஸ் அத்தையின் பெண் அந்த ஊர்ப் பெண், அம்மா. நான் வெளிமாநிலத்துப் பெண்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ நான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறாய்.

மார்னி


டர்ஹம்
அக்டோபர் 8

மார்னி செல்லம்,

இதற்கா பயப்படுகிறாய்? வசிக்கும் இடம் எது என்று கேட்கிற இடத்தில் என் முகவரியைப் போட்டுவிடு. மூன்று வருடமாக என்னோடு இருப்பதாகச் சொல். நான் கையெழுத்துப் போடுகிறேன். அறைகூடத் தயாராக இருக்கிறது. நீ என் பெண்தானே, அதில் என்ன பொய்?

உடனே செய். கடைசித் தேதி நெருங்கிவிட்டது.

அம்மா


கார்லன்
அக்டோபர் 14

அன்புள்ள அம்மா,

இன்று மதியம் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். உன் முகவரியைத்தான் முதலில் தட்டினேன். கட்டத்தில் சரியாகவே பொருந்தியது. அடுத்த கட்டத்தில் எப்போதிலிருந்து அங்கே வசிக்கிறாய் என்று கேட்டிருந்தது.

அந்த மூன்று வருடமும் நான் இங்கேதான் இருந்தேன். எனக்கு நிமோனியா வந்தபோது அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர் அப்பா. எனக்குப் பின்னல் போட யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, "சடை மாதிரி இல்ல, வைக்கோல் கயிறு மாதிரி இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டவரும் அவர்தான். உன் முகவரியைப் போட்டால் அதெல்லாம் நடக்கவில்லை என்று நானே சொன்னதாக ஆகிவிடும்.

அழித்துவிட்டு நெப்ராஸ்கா என்று போட்டேன். மன்னித்துவிடு.

இதை எழுதும்போது கூடத்தில் காலடிச் சத்தம். "என்னடி, இன்னும் லைட் எரியுது?" என்றார். "கணக்குப்பா" என்றேன். "கணக்குப் போட்டே கண்ணு போயிடும், படு" என்று போய்விட்டார். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

மார்னி


கார்லன்
பிப்ரவரி 2

அன்புள்ள அம்மா,

இடம் கிடைக்கவில்லை.

முடிவு வந்தபோது நான் அப்பாவின் லாரியில் இருந்தேன். தீவனக் கடைக்கு வெளியே, சுற்றிலும் ஒரே பனி. போனில் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்பா மூட்டைகளை ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். மறைக்க முடியவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

காலேஜ் என்றேன். "லிங்கன்லதான் குடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு அழுகை?" என்று சிரித்தார். நான் இன்னொரு காலேஜ் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் பனி மூடிக்கொண்டே வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். உன் கடிதங்கள், ஜோலீன் வீட்டு முகவரி, எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன்.

கடைசியில் கேட்டார்: "உங்கம்மாவைப் பார்க்கப் போறதுக்கு அந்தக் காலேஜ்காரன்கிட்ட ஏன் கேட்டே? என்கிட்டக் கேட்டிருக்கலாமே மார்னி."

"நீங்க விடமாட்டீங்கன்னு நினைச்சேம்பா."

"விட்டிருக்க மாட்டேன்தான்," என்றார். "முதல் தடவை கேட்டிருந்தா." பிறகு கையுறையால் கண்ணாடியைத் துடைத்தார். உள்பக்கம் துடைத்தார், அம்மா. பனி வெளியில் இருந்தது.

யார் எத்தனை பேரை எடுப்பார்கள் என்று இத்தனை மாதம் கணக்குப் பார்த்தேன். அப்பா சம்மதிக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. பூஜ்ஜியம் என்று நானே போட்டுவிட்டேன்.

நேற்று உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். உன்னோடு நான் இருக்கலாம் என்று எழுதிய கடிதத்தில், இடம் கிடைத்ததும், இடம் மட்டும் கிடைக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய். நீ யோசிக்காமல் எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கிறேன்.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் லிங்கனில் சேருவேன். ஜூன் மாதம் பள்ளி முடிந்ததும் நான் அங்கே வரலாமா?

இதைப் பகலில் எழுதுகிறேன், சமையலறை மேஜையில். எதிரே அப்பா காபி குடித்துக்கொண்டு விதைக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தபால்தலை அவர் கொடுத்தது.

பதிலை ஜோலீன் வீட்டுக்குப் போடாதே. இங்கேயே போடு. இந்த வீட்டில் தபால் எடுப்பவர் அவர்தான். இந்த முறை திருப்பி அனுப்ப மாட்டேன் என்று உனக்கு எழுதச் சொன்னார்.

உன் மகள்,
மார்னி