பெர்மனென்ட் இல்லாத சோகை

யாருக்கும் பணியாத என் அண்ணனுக்கு,

முதல் சேதி, நான் உயிரோடுதான் இருக்கிறேன். உனக்கு அங்கே வேறு மாதிரிச் சேதி வந்திருக்கலாம். நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னை மனசுக்குள் வழியனுப்பி வைத்துவிட்டார்கள். அவர்கள் பேச்சை நம்பி நீ என்னை அழைத்துப்போக வாசலில் வந்து நின்றுவிடாதே.

போன மழைக்காலத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது எனக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குள் போனால் ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எனக்கு பிளட் கேன்சர் என்று சொன்ன அன்று எல்லாரும் அழுதார்கள். நீ மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த நோயைத் திட்டினாய். "எங்க வந்து யார் மேல கை வைக்குது பாரு!" நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்க என்றதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் திட்டினாய். அந்த வாய் இப்போது எனக்குத் தேவைப்படுகிறது.

சிகிச்சை முடிந்தது, அண்ணே. நோய் அடங்கிவிட்டது என்றார்கள். முடி வளர்ந்தது, முன்னைவிடச் சுருளாக. மறுபடியும் பள்ளிக்கூடம் போய் என் யூ.கே.ஜி. பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் கைதட்டிப் பாடும்போது பாதிப் பாட்டில் மூச்சு முட்டியது. நம் நெய்வேலி டவுன்ஷிப் ரோட்டில் ஏற்றம் ஏது? அந்தச் சமதரையில் சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்குள் கேட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணு ரொம்பக் கம்மி, ரத்தசோகை என்றார்கள்.

எதனால் கம்மி என்று டாக்டருக்கே தெரியாத நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ‘திரும்ப வந்துடுச்சு.’ இந்த ஊரில் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும், உனக்குத் தெரியாததா? கம்மாபுரத்திலிருந்து சித்தப்பா வந்தார், பை நிறைய மாதுளையும் பீட்ரூட்டுமாக. குவார்ட்டர்ஸ் வாசலில் என் வீட்டுக்காரரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மனச தேத்திக்குங்க மாப்ள. ரெண்டாந்தரம் வந்தா அவ்ளோதான்னு ஊர்ல பேசிகினு இருக்காங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். "சித்தப்பா, எனக்கு ரத்தம்தான் கம்மி. காது நல்லா கேக்குது."

மனுஷர் பையைக் கீழே வைத்த வேகத்தில் மாதுளை உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், பயம் எனக்கும் இருந்தது. வாய் பேசியதே தவிர, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்துதான் விட்டதோ?

அந்தப் பையின் அடியில் ஒரு டானிக் பாட்டில் இருந்தது. வடலூர் மருந்துக் கடையில் வாங்கியதாம், இரும்புச் சத்து டானிக். நீ போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். மூடியில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ரத்தம் கம்மின்னா இரும்பு குடுக்கணும், ஒலகத்துக்கே தெரியும். குடிடி."

"டாக்டர கேக்காம ஒரு சொட்டு தொட மாட்டேன்."

"அண்ணங்காரன் மாரியே பேசிகினு கெட. அவனும் யாரு பேச்சையும் கேக்கல."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ‘அவளுக்குச் சோறு வேணுமான்னு கேளுங்க’ என்று என் வீட்டுக்காரர் வழியாகத்தான் எல்லாம். கேட்டுவிட்டுக் குடித்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன், அவர் வழியாகவே.

பாண்டி ஆஸ்பத்திரியில் எனக்குக் கீமோ கொடுத்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பயமுறுத்துங்க டாக்டர், பரவாயில்ல. ஆனா புரியுற மாதிரி பயமுறுத்துங்க." அவர் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து எலும்பை வரைந்தார். ரத்தத்தில் இருக்கிற எல்லா அணுக்களும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் பிறக்கின்றனவாம். நோயைக் கொல்லக் கொடுத்த மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அடித்துவிட்டது. அதில் வெள்ளணு எழுந்துவிட்டது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் எழுந்துவிட்டது. சிவப்பணு மட்டும் இன்னும் எழவில்லை. உடம்பெல்லாம் மூச்சுக்காற்றைச் சுமந்துபோவது அதுதான் என்பதால் அது குறைந்தால் மூச்சு வாங்கும், அசதி தள்ளும். இப்படி ஆவது உண்டு, பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும் என்றார். நோய் திரும்பினாலும் சிவப்பணு குறையும் என்பதையும் மறைக்கவில்லை. அதனால் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

டானிக்கைக் காட்டினேன். "நல்லவேளை குடிக்கல. உங்க டெஸ்ட்ல இரும்பு ஏற்கெனவே அதிகமா இருக்கு. அத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கோம். ஏத்துன அணு சில மாசத்துல செத்துடும். அதுல இருந்த இரும்பு உடம்பை விட்டுப் போகாது, தங்கிடும்."

அண்ணே, அந்த ரத்தம் யாருடையது? சுரங்கத்தில் உன்னோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களை ஷிப்ட் முடிந்த கையோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாயே, உடம்பெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூசியோடு. கைகால் கழுவிவிட்டு வாங்க என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். முதலில் கையை நீட்டியவன் நீ. அந்த ரத்தம் பொதுவில் போய்ச் சேரும், யாருடையது யாருக்கு என்று சொல்ல முடியாது என்று அப்போதே சொன்னார்கள். சொல்லட்டும். உனக்கும் எனக்கும் ஒரே குரூப். ஒரு பாட்டிலாவது உன்னுடையதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நீ போய்விட்டாய், உன் இரும்பு என்னை விட்டுப் போகவில்லை. இல்லை என்று யாராவது நிரூபிக்கட்டும், பார்க்கிறேன்.

மஜ்ஜை எடுத்தபோது வலித்தது. சும்மா இருப்பேனா, நானும் திட்டினேன். நீ திட்டிய அளவுக்கு நன்றாக வரவில்லை.

ரிசல்ட் வரும் வரை வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. டாக்டரம்மா போன் செய்தபோது என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். பதற்றம் வந்தால் அவர் எதிராளி சொல்வதையே திருப்பிச் சொல்வார். "சரிங்க மேடம்... பெர்மனென்ட் இல்லீங்களா? பெர்மனென்ட் இல்ல. சரிங்க, பெர்மனென்ட் இல்ல."

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். "உனக்கும் இல்லன்னுட்டாங்களாடி? அவனுக்குத்தான் கடைசி வரைக்கும் இல்லன்னாங்க, உனக்குமா?"

வேறெந்த ஊரிலாவது இப்படி அழுவார்களா? நெய்வேலியில் ‘பெர்மனென்ட் இல்லை’ என்றால் அது சாவுச் செய்தி மாதிரிதானே. சுரங்கத்தில் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியல் வந்த ஒவ்வொரு தடவையும் நீ சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த இரண்டு வார்த்தையோடுதான் உள்ளே வருவாய். பெர்மனென்ட் ஆனதும் கல்யாணம், ஆனதும் வீடு என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. வேறு எதற்கும் அந்தச் சொல் பயன்படும் என்று நம் அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அங்கேயாவது உன்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்களா, இல்லை அங்கேயும் கான்ட்ராக்ட்தானா?

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். "யம்மா, ரத்தம் கம்மியா இருக்கறதுதான் பெர்மனென்ட் இல்லியாம். நோய் திரும்ப வரல. எலும்புக்குள்ள ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்காம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப பெர்மனென்ட் இல்லன்றது நல்லதா?"

"ஆமாம்மா. இந்த ஒரு தரம் நல்லது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு அழுகையானது, நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார், எதிர்முனையில் டாக்டரம்மா எப்போதோ வைத்துவிட்டிருந்தும்.

இன்னும் சிவப்பணு கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு பாட்டில் ஏற்றினாலும் ஏற்றுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாட்டுச் சொல்லித் தருவேன். மூச்சு வாங்கினால் நிறுத்துவேன், பிள்ளைகள் பாடட்டும். சரியாகி விட்டதா என்று கேட்பவர்களுக்கு இன்னும் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதற்கு மேல் இரக்கப்பட்டால் சித்தப்பாவுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த நோய் என்றைக்காவது திரும்பி வந்தாலும் படுத்துக்கொண்டே சண்டை போடுவேன். அம்மா ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதையும் கொடுக்க விட மாட்டேன். அவளை நல்லபடியாக அனுப்பி வைக்கும் வரைக்கும் நான் நகர மாட்டேன், அதற்கப்புறமும் அவசரப்பட மாட்டேன்.

அதனால், அண்ணே, எனக்காக அங்கே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தால் எடுத்துவிடு. வேறு யாராவது உட்காரட்டும். நான் இந்த வண்டியில் வரவில்லை.

உன் வாயைக் கொண்டு பிறந்த ஒரே தங்கச்சி,
வளர்மதி