படகுகள் சாய்ந்து கிடந்த மைதானம்

அன்புள்ள என் இரண்டு பெண்களின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். வீடு மாற்ற உதவிக்கு வந்த உங்கள் அக்காவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணெய் மேடையிலிருந்து நீங்கள் பேசும்போது பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. அதுவாக அறுந்ததா, நீங்களே வைத்துவிட்டீர்களா என்று நான் இங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அந்த வசதி இல்லை. முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வீடு பார்த்துக் குடியும் வந்துவிட்டோம். நீங்கள் போட்ட ஒரே கண்டிஷன்தான் காற்றில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கடலோரக் கிளைக்கு மாற்றியபோது நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கவேண்டும், நாலு குடும்பம் இருக்கிற தெருவாக இருக்கவேண்டும், கடல் மட்டும் கண்ணில் படக்கூடாது என்றீர்கள். நடுக்கடலில் மேடை மேல் நின்று வெல்டிங் செய்கிறவன், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் கடல்தான், வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றீர்கள். அப்படி ஒரு வீடு அமைந்தால் இந்த ஒப்பந்தத்தோடு ஊர் திரும்பிவிடுவேன், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் செருப்புத் தேயத் தேய அலைந்தோம்.

துறைமுகத்துப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் பார்த்தோம். நாங்கள் படியேறும் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். மேட்டுத்தெருவில் ஒரு வீடு அழகாகவே இருந்தது. ஆனால் அந்தத் தெரு முழுக்க ஒரு வாசலில்கூடக் குழந்தைகள் செருப்பு கிடக்கவில்லை. இங்கே மனுஷங்க இருக்காங்களா, சுவர்தான் இருக்கா என்று உங்கள் அக்கா புரோக்கரிடமே கேட்டுவிட்டார்கள். அவர் அதற்கப்புறம் எங்கள் போனை எடுப்பதில்லை.

கடைசியாக இந்தத் தெரு. சின்னச் சின்ன மாடி வீடுகள், எல்லா வாசலிலும் சைக்கிள். தெரு முடிகிற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. ஈரமாய், பளபளவென்று இருந்தது. அங்கங்கே படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. படகு ரிப்பேர் செய்கிற மைதானம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிள்ளைங்க ஓடியாட எவ்வளவு இடம் பாரு என்று உங்கள் அக்கா பூரித்துப்போனார்கள். வீட்டுக்காரம்மா கீழே தையல் கடை வைத்திருக்கிறார். கடல் எங்கே இருக்கிறது என்று அவரிடம் மறக்காமல் கேட்டேன். அந்தப் பக்கம்தான் என்று கத்தரிக்கோலை நீட்டிக் காட்டினார். வானம் முடிகிற இடத்தில் நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. அவ்வளவு தூரமா, நல்லதாய்ப் போயிற்று என்று அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டேன். நம் இரண்டு குடும்பத்திலும் கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் யார்? குடத்தில் ஊற்றினால் ஊற்றிய இடத்தில் நிற்கிற தண்ணீரைத்தானே நமக்குத் தெரியும்!

சாமான் இறக்கிய அன்று மத்தியானம் உங்கள் அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தவர்கள், அடியே, மைதானத்தைக் காணோம்டி என்று அலறினார்கள். குக்கரும் கையுமாக ஓடினேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய இடம் முழுக்கத் தண்ணீர். தெரு முனைப் படிக்கட்டு வரை வந்து, சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த படகுகள் எல்லாம் நிமிர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தன. யாரும் தள்ளவில்லை, யாரும் தூக்கவில்லை. அத்தனை படகையும் அது பாட்டுக்குத் தூக்கி நிறுத்தியிருந்தது. நான் தினம் காலையிலிருந்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், சுலபத்தில் மலைக்கிற ஆள் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உங்கள் அக்காவின் கன்னத்தில் கண்ணீர். அன்று ராத்திரி என் சமையலில் அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரமிப்பு இறங்கியதும் பயம் ஏறியது. உங்கள் கண்டிஷன் ஒருபக்கம், நம் சின்னவள் குட்டி ஒருபக்கம். அவளுக்கு நீச்சல் தெரியாது. விடிந்ததும் வேறு வீடு பார்க்கிறோம் என்று தையல்காரம்மாவிடம் சொல்லப் போனேன். அதற்குள் கடல் மறுபடி போயிருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வெளியே அந்தத் தரையில், எறும்பு மாதிரி தெரிகிற தூரத்தில். நம் இரண்டும் அவர்களோடு! செருப்புகூடப் போடாமல் படிக்கட்டுக்கு ஓடினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முனை வீட்டு முடிதிருத்துபவர் தன் இரும்புக் கேட்டைச் சாவியால் தட்டினார். உடனே அடுத்த வீட்டில் தட்டினார்கள், அதற்கடுத்த வீட்டில், எதிர் வீட்டில். கையில் கிடைத்த கரண்டி, பூட்டு, வளையல் எல்லாவற்றாலும் தெரு முழுக்கத் தட்டல். தையல்காரம்மாவும் கத்தரிக்கோலால் தட்டினார். கடல் திரும்பிவிட்டது என்று அர்த்தமாம். முதலில் பார்க்கிறவர் தட்ட வேண்டும், கேட்டவர்கள் எல்லாரும் தட்ட வேண்டும், கடைசிப் பிள்ளை படியேறும் வரை நிறுத்தக்கூடாது. பிள்ளைகள் வந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மகனை ஒரு கையிலும் நம் குட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்றுகூட அவள் கேட்கவில்லை. கால் கழுவிவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வேறு வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்றைய முதல் தட்டல் நம் வீட்டுக் கேட்டிலிருந்து. தட்டியது உங்கள் அக்கா. தெருவே தன்னைத் திரும்பிப் பார்த்ததில் இன்னும் தரையில் கால் பாவவில்லை அவர்களுக்கு.

நாலு குடும்பம் இருக்கிற தெரு கேட்டீர்கள். இதைவிட நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். எத்தனையோ வீடு பார்த்தோம், போனில் சொன்னபோது எல்லாவற்றிலும் உங்களுக்கும் ஒரு குறை இருந்தது. குறை வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். போனில் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நீங்கள் மூச்சுவிடுவது எனக்கும் கேட்கிறது. அவளுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வந்து பக்கத்தில் சும்மா உட்காருங்கள், அது போதும். நீங்கள் கையெழுத்துப் போட்டால் தானே அங்கே வந்து பேனாவைப் பிடுங்குவதாக உங்கள் அக்கா எழுதச் சொன்னார்கள்.

நீங்கள் அங்கே பார்க்கிற கடலுக்குக் கரையே கிடையாது. பாவம், அது எங்கே போகும், எங்கே திரும்பி வரும்? இந்தக் கடலை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

முதல் நாள் கடல் போனபோது குட்டி அழுதாள். இப்போது தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவளே சொல்கிறாள், வேலைக்குப் போயிருக்கு, வந்துடும் என்று. அது போயிருக்கும் நேரத்தில் நீங்கள் வந்தால் கையைப் பிடித்து அந்தத் தரையில் நடத்திக் கூட்டிப்போவாளாம். வந்திருக்கும் நேரத்தில் வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து காட்டுவாளாம். எந்த நேரமானாலும் எங்களுக்குச் சரிதான். வந்துவிடுங்கள். உங்களைக் கண்டதும் நான் கேட்டைத் தட்டுகிறேன், தெரு முழுக்கத் தட்டட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் உங்கள் செருப்புக்கும் இடம் விட்டிருக்கும்,
உங்கள் மனைவி