ஒரு அடிக்காக ஜெர்மனி போன மகனுக்கு

சல்லி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கேதுசனுக்கு,

அம்மாளாச்சி புண்ணியத்தில நாங்கள் இஞ்ச சுகம், நீயும் அந்தக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேணும் எண்டுதான் விளக்கு வைக்கேக்க எல்லாம் கேக்கிறன். போனில கதைச்சால் நீ ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வச்சிடுவாய், அதுதான் கடிதமா எழுதுறன். எங்களிட்ட மீன் எடுக்க வாற அபூதாஹிர் நானா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புறன் எண்டவர். அக்கா பாலையூற்றில புது வீட்டுக்கு மாறிட்டாள், குசினிக்குள்ள ரண்டு பேர் நிக்க ஏலாது, ஆனாலும் அவளுக்குச் சந்தோசம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெர்மனியில உங்கட வாத்தியக் குழு வாசிச்ச கச்சேரியை இன்ரநெற்றில காட்டேக்க எங்கட வீட்டிலதான் எல்லாரும் இருந்து பாத்தனாங்கள். நானா தன்ர போனை ரீவியில கொழுவித் தந்தவர், கதிரை காணாமல் பக்கத்து வீட்டிலயும் எடுத்தனாங்கள், குணேஸ்வரி மாமி பட்டுச்சீலை உடுத்தெல்லோ வந்தவ. உன்னைக் கண்டவுடன எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, கறுப்புக் கோட்டும் சப்பாத்துமா அவ்வளவு வடிவு, ஆற்ற கண்ணும் படக்கூடாது. பின் வரிசையில அந்த ரண்டு பித்தளைத் தட்டையும் பக்கத்தில வச்சு, கையை மடியில போட்டபடி இருந்தாய். வயலின்காரர் இழுக்கினம் இழுக்கினம், குழல்காரர் ஊதுகினம், நீ அசையேல்ல. அரை மணித்தியாலத்துக்கு மேல போச்சு. மாமிக்கு வாய் சும்மா இருக்குமே, இவனைக் கதிரை தூக்கவோ கூட்டிக்கொண்டு போனவை எண்டு கேட்டா. எனக்கு வந்த கோபத்துக்கு அவவைத் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பியிருப்பன், ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான், பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ, அடிக்க மறந்துபோனானோ எண்டு.

பேந்து நீ எழும்பினாய். ஒருத்தரும் உனக்குக் கை காட்டேல்ல, நடுவில நிண்டு நடத்துற ஐயா அங்கால திரும்பி வயலின்காரரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், நீயா எழும்பி, ரண்டு தட்டையும் தூக்கி, ஒரே ஒரு அடி. வீடு அதிர்ந்துபோச்சு மகன். அதுக்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். கோயிலில திரை விலகேக்க மணியும் சேமக்கலமும் கேட்ட உடன கை தானா மேல போற பழக்கமெல்லோ எங்களுக்கு, மாமி அப்பிடியே எழும்பி ரண்டு கையையும் தலைக்கு மேல கூப்பி அரோகரா எண்டா, அவவுக்குப் பின்னால வீடு முழுக்க அரோகரா எண்டு எழும்பிட்டுது, நானும்தான். நானா மட்டும் கதிரையில இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர். கதிரை தூக்கவோ எண்டு கேட்ட அதே மாமிதான் கண் கலங்கிக் கன்னத்தில போட்டுக்கொண்டு நிண்டவ.

நாங்கள் இஞ்ச இப்பிடி இருக்க, நேற்று விடிய நீ போனில சொன்ன கதை எனக்குப் பிடிக்கேல்ல. இஞ்ச இருக்கிற உன்ர கூட்டாளிமார் ஒரு அடிக்கோ ஜெர்மனி போனனீ எண்டு வீடியோ போட்டுச் சிரிக்கினமாம், அதால வெள்ளிக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போன சேர் அடுத்த வருசத்துக்கும் குழுவில ஆர் ஆர் நிக்கிறியள் எண்டு கேக்கேக்க நீ வேண்டாம் எண்டு சொல்லப்போறியாம், வந்து அப்பாவோட கரைவலைக்கு நிக்கப்போறியாம். கேட்ட எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில பாண்டு வாத்தியம் பழக வெயிலுக்குள்ள நிண்டு கறுத்ததும், குழுவோட வாசிச்சுப் பழகவெண்டு கொழும்புக்கு பஸ்ஸில தொங்கிக்கொண்டு போனதும் அவங்களோ, நீயோ?

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடற்கரையில நிண்டபடியால் கச்சேரியைப் பாக்கேல்ல. நீ சொன்னதை நேற்று அவரிட்டச் சொன்னன். உடன நானாவைக் கூப்பிட்டுக் கச்சேரியைப் போடச் சொன்னவர். நானா நீ அடிக்கிற இடத்துக்கு நேர ஓட்டப் பாத்தவர், அப்பா அவற்ற கையைப் பிடிச்சு, ஓட்டாதேங்கோ நானா, அவன் சும்மா இருக்கிறதைத்தான் நான் பாக்கவேணும் எண்டவர். உனக்குத் தெரியும்தானே, கரையில நிண்டு மீன் வருதோ எண்டு பாத்துத் துவாய் வீசுறவர் அவர், அவர் வீசினால்தான் தோணி வலையை இறக்கும், முந்தினாலும் பிந்தினாலும் அண்டைக்கு எல்லாற்ற வீட்டிலயும் வெறும் சோறுதான். பொடியள் இறக்குவம் இறக்குவம் எண்டு கத்தக் கத்த வாய் திறக்காமல் நிக்கிற மனுசன். தொடக்கத்தில இருந்து கடைசி மட்டும் உன்னைப் பாத்தவர். முடிய என்னைப் பாத்து, இத்தனை பேர் வாசிக்கேக்கயும் உவன்ர கை பதறேல்லப் பார், எனக்கு இது பிடிபட முப்பது வயசு தாண்டிப்போச்சு எண்டவர். உன்னை வலைக்கு எடுக்கவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்ட அதே மனுசன் இண்டைக்கு விடிய முகம் கழுவ முதல், அவனை வலைக்கு வரவேண்டாமெண்டு எழுது எண்டவர்.

அதால வெள்ளிக்கிழமை சேரிட்ட ஓம் எண்டு சொல்லு. நீ வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தாலும் அப்பா உன்னை ஏச மாட்டார், வலையில சேத்தும் கொள்ளுவார். ஆனா பிறகு ஒவ்வொரு நாளும் கரையில உன்னைக் காணேக்க அவற்ற முகம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும், அதை என்னால பாக்க ஏலாது மகன்.

ஈரத் தலையோட வெளியில போகாதே, சோறு கிடையாட்டில் முட்டையை எண்டாலும் வயிறாரச் சாப்பிடு. அம்மாளாச்சி உனக்கு எப்பவும் பக்கத்தில நிப்பா.

உன்னை நினைச்சுப் பெருமைப்படுற
அம்மா