டெக்கை யாருக்குக் கொடுத்தீர்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

இங்கே நர்ஸ்கள் ஓய்வறையில் கார்டு கேம் ஆடுகிறோம். ஆளுக்கொரு புதுப் பாக்கெட்டைப் பிரித்து, வந்த கார்டுகளை வைத்தே சமாளிக்க வேண்டும். நேற்று முதல் ஆளாகத் தோற்றேன். "வீட்ல யார்கூட ஆடுவ?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்கூட மட்டுந்தான்" என்றேன்.

நான் ஒவ்வொரு கார்டாகப் பொறுக்கிச் சேர்த்த என் சொந்தக் கட்டை, அந்த டெக்கை, எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு ஆடக் கொடுத்தீர்களாம். அவர் உங்களை ஜெயித்தாராம். போனில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த பார்சலில் கால்வலித் தைலத்தோடு, அந்த டெக்கிலிருக்கும் டிராகன் கார்டையும் வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்த டெக் ஜெயிக்காது. தெரிந்துதான் கேட்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி