ஏழாம் பக்கத்து வாக்கியம்

ஹாலிஃபாக்ஸ்,
மார்ச் 3

அன்புள்ள ஓடெட் சித்திக்கு,

மார்னி கில்லிஸின் மகள் ரோனா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் அம்மாவோடு வேலை பார்த்த ஆய்வகத்தை விட்டு உங்கள் தீவுக்கே திரும்பிப் போனபோது எனக்கு எட்டு வயது. ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி உங்கள் நாற்காலியில் வைத்தது யாரென்று நினைவிருந்தால், அந்த ஆள்தான் இது. இப்போது பதினாறு. கையுறையை விட்டுவிட்டேன், மற்றவற்றில் நல்ல முன்னேற்றம். இங்கே நாங்கள் பாதி நலம். மீதிப் பாதி உங்கள் கையில் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பாலாடைக்கட்டிக் கடைக்கு எத்தனையோ முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கிஸ்லேன் சித்தப்பாதான் எடுத்து, "அவ ஆட்டுகிட்ட இருக்காம்மா" என்றார். ஆடுகளுக்கு உங்களோடு இவ்வளவு பேச்சு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மா அனுப்பிய மின்னஞ்சல்கள் உங்கள் பழைய முகவரியில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தன. காகிதக் கடிதத்தை ஆடு தின்னலாமே தவிர, திருப்பி அனுப்ப முடியாது. அந்த தைரியத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் அம்மாவும் சேர்ந்து எழுதிய எலிக்குட்டிக் கட்டுரையைப் போன மாதம் ஆயிரமாவது தடவையாக யாரோ மேற்கோள் காட்டினார்கள். ஆய்வக வழக்கம் உங்களுக்குத் தெரியும். நூறுக்கு டோனட், ஐந்நூறுக்கு இறைச்சி சுருட்டிய டோனேர் ரொட்டி, ஆயிரத்துக்கு கேக். எலுமிச்சை கேக், மேலே நீலத்தில் மூன்று சைபர். எனக்கு இந்தச் சொல்லின் மேலேயே ஒரு சந்தேகம் உண்டு. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மூன்றாவது ஆளிடம் போய்ச் சொன்னால் எங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் கோள். படித்தவர்கள் அடிக்குறிப்பு போட்டுச் சொன்னால் மட்டும் மேற்கோள் ஆகிவிடுகிறது.

கேக் வெட்டும் நேரத்தில் கத்தியை நான் எடுத்து ஒளித்துவிட்டேன். கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி, சரியாகச் சொன்னால் ஒரு துண்டு என்று அறிவித்தேன். கேள்விக்காகத்தான் முதல் முறையாக அந்தக் கட்டுரையையே திறந்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எனக்கே புரிகிற மாதிரி இருந்தது. அதனால் அதையே கேட்டேன்: அந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலிக்குட்டிகளில் எவற்றுக்குக் காது மந்தமானது?

துறைத்தலைவர் பிளாக்வுட் சிரித்தார். "எதுக்குமே ஆகல. கட்டுரையே அதானம்மா. கத்திய எடு, பசிக்குது."

மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் கோரீன் என்ற இளம் டாக்டர் மட்டும் தட்டை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எதுக்கும் ஆகல. ஒரு நாளைக்கு ஒரே டோஸா குடுத்தா காதுக்கு பயமில்ல. சிறுநீரகம் பலவீனமா பொறக்கற குழந்தைக்கும் நாங்க அப்படித்தான் குடுக்கறோம். எங்க வார்டு சுவத்துல ஒட்டியிருக்கற தாள்ல, கீழ உங்கம்மா பேர்கூட இருக்கு. எங்க என் கேக்?"

அம்மா தன் தட்டைக் கீழே வைத்தாள். "கோரீன், நீ ஏழாம் பக்கம் படிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சுருக்கம் படிச்சேன் டாக்டர். எல்லாரும் அதத்தானே படிப்பாங்க" என்றார் கோரீன். பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார். கேக் அப்படியே வீட்டுக்கு வந்தது.

சிறுநீரகம் பலவீனமான குட்டிகளுக்குச் சில வாரங்களில் காது போக ஆரம்பித்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தவரே நீங்கள்தானே. அது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, முதல் பக்கத்துச் சுருக்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்று அம்மா காரில் வரும்போது சொன்னாள். சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்பது இதழின் விதி. கட்டுரையை அனுப்ப வேண்டிய கடைசி நாள். அந்த வாக்கியத்தையும் சேர்த்ததில் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று. "வேற எத வேணா வெட்டு மார்னி, இத வெட்டாத" என்று நீங்கள் மேஜையை விட்டு நகராமல் நின்றீர்களாம். "உள்ளதான் இருக்கே, படிக்கறவங்க படிச்சுப்பாங்க" என்று அம்மா வெட்டிவிட்டாளாம். அடுத்த வருடம் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

வெட்டியது ஒரு வாக்கியம், அறுந்தது ஒரு சிநேகிதி என்றேன். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு கிடையாது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அச்செடுத்து இரண்டு குவியலாகப் பிரிக்கிறோம்: ஏழாம் பக்கம் படித்தவர்கள், படிக்காதவர்கள். முதல் குவியல் என் மதிப்பெண் அட்டையைப் போல மெலிந்திருக்கிறது. இரண்டாவதில் பாதிப் பேர் அம்மாவைக்கூடப் படிக்கவில்லை. அம்மாவை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டியவரைப் படித்திருக்கிறார்கள். கோரீன் தன் வார்டில் அந்தத் தாளை மறுநாளே கிழித்துவிட்டார். மற்ற சுவர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது. எந்தக் குழந்தையாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறதா என்பதும் தெரியாது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடையில், பஸ்ஸில், தள்ளுவண்டியில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்கிறாள்.

சுருக்கத்தைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று அம்மா இதழுக்கு எழுதிவிட்டாள். அவர்கள் சம்மதித்தார்கள், ஆனால் எழுதியவர்கள் அத்தனை பேரும் ஒப்புதல் தர வேண்டும். அத்தனை பேர் என்றால் நீங்கள் இரண்டு பேர்தான். ஒப்புதலுக்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் சித்தி. அம்மாவிடம் பேசக்கூட வேண்டாம்.

ஆடுகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கையுறைக்காரி ரோனா


ஹாலிஃபாக்ஸ்,
ஏப்ரல் 11

அன்புள்ள சித்திக்கு,

பார்சல் வந்தது. உங்கள் கையெழுத்து உள்ளே இருக்கும் என்று மூன்று அடுக்குக் காகிதத்தையும் பிரித்தேன். ஒரு பெரிய வட்டப் பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். துண்டுச் சீட்டுகூட இல்லை. இது சம்மதமா, கோபமா, விளம்பரமா என்று ராத்திரி வரை யோசித்தேன். ஒன்று மட்டும் புரிந்தது. வேண்டாதவளுக்கு யாரும் இவ்வளவு நல்ல கட்டியை அனுப்ப மாட்டார்கள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பிளாக்வுட் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். பல்கலைக்கழகத்தின் பெரிய விருதுக்கு இந்த வருடம் அம்மாவின் பெயரை அனுப்பியிருக்கிறார்கள், இந்தக் கட்டுரையை வைத்துத்தான். மேஜையில் இருந்த குவியல்களைப் பார்த்தார். "ஜூன்ல விருது முடியட்டும் மார்னி, அப்புறம் திருத்திக்கலாம். ஒன்பது வருஷம் இருந்தாச்சு, இன்னும் ரெண்டு மாசத்துல என்ன குடிமுழுகிடும்? ஆயிரம் பேர் சொல்லியிருக்காங்க, அத்தன பேருமா முட்டாள்?"

"முட்டாள் இல்ல, அவசரக்காரங்க. நானும் அவசரத்துலதான் வெட்டினேன்" என்றாள் அம்மா. "ரெண்டு மாசத்துல எத்தன குழந்த பொறக்கும்னு நீங்களே சொல்லுங்க. நான் டீ போடறேன்."

அவர் டீக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டார். போகும்போது என்னிடம், "உங்கம்மாகிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். எதற்கும் ஒரு கேள்வி கேட்கிறேன், சரியாகச் சொன்னால் கேக் தருகிறேன் என்றேன். வேகமாகப் போய்விட்டார். மறுநாள் விருதுக்கான பட்டியலிலிருந்து தன் பெயரை அம்மாவே எடுத்துக்கொண்டாள்.

திருத்தத்தையும் எழுதி முடித்துவிட்டாள். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வெட்டின வாக்கியத்தை அம்மா புதிதாக எழுதவில்லை, நீங்கள் எழுதியதையே ஒரு சொல் மாற்றாமல் போட்டிருக்கிறாள். இத்தனை வருடம் எங்கேயும் பார்க்காமல் அது அவளுக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: இதைச் சுருக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று அன்றே வற்புறுத்தியவர் ஓடெட் ஆர்செனோ, நீக்கியவர் மார்னி கில்லிஸ். இப்படி எழுதுவது வழக்கமில்லை என்று இதழிலிருந்து சொன்னார்கள். வழக்கமாக எல்லாரும் செய்ததால்தான் இந்த நிலைமை, இந்த வரி இல்லாமல் எதையும் அச்சிடாதீர்கள் என்று அம்மா பதில் அனுப்பினாள். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

இனி கட்டி விஷயம். அதை ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில், காலிஃபிளவருக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். காலிஃபிளவரை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. ஆனால் நேற்றுக் காலை அம்மா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே, கத்திகூட இல்லாமல் அதைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். மேல் காகிதத்தில் உங்கள் தீவின் பெயர் இருந்தது. நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பொய்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். "அவ கை எப்பவுமே அப்படித்தான்."

இன்னொரு துண்டு பிட்டாள். கண் கலங்கியிருந்ததை உப்பின் கணக்கில் எழுதிக்கொண்டேன். பிறகு, "கப்பல் என்னிக்கிடீ விடறாங்க?" என்று கேட்டாள். நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன், அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே சித்தி, அடுத்த வாரச் சனிக்கிழமை விடிவதற்குள் காரில் கிளம்பி, பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் கப்பலைப் பிடிக்கிறோம். திருத்தத்தின் பிரதியை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டாள். கையெழுத்து வாங்கத்தான் வருகிறேன் என்கிறாள். கையெழுத்து வாங்கப் போகிறவள் மூன்று ஸ்வெட்டர் மாற்றிப் பார்ப்பாளா, எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்பாளா? பச்சையைப் போடச் சொல்லியிருக்கிறேன். அடையாளம் தெரியாது என்ற சாக்கு உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் கையெழுத்துப் போடும் வரை நாங்கள் திரும்பப் போவதில்லை. எனக்குப் பள்ளி இருக்கிறது, அதனால் எனக்கு அவசரமே கிடையாது. ஆட்டுக் கொட்டகையில் படுக்கவும் தயார். உங்கள் நாற்காலிகளில் உட்காரும் முன் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிற்பகல் கப்பல் வந்து சேரும்போது அம்மா படியில் முதல் ஆளாக இறங்குவாள். இறங்கியதும் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை, எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கரையில் மட்டும் வந்து நில்லுங்கள். அன்றைக்கு ஒரு நாள் ஆடுகளைக் கிஸ்லேன் சித்தப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வருகையை எதிர்பார்த்து வருகிற,
ரோனா